பேர் வெட்டின குடம்

ஜெபா, ஜெபா, ஜெபான்னு ஊரே கத்துது, நான் என் பாட்டுக்குத் தண்ணி பாட்டில் மூடியைத் திருகிக்கிட்டு இருக்கேன், மூடின பாட்டிலையே எத்தனை தடவைதான் மூடுறது, ஆனா கைக்கு ஒரு வேலை வேணும்லா, சும்மா விட்டா அது தானா வலது இடுப்புக்குப் போயிருது, போயி இல்லாத பந்தைத் தூக்கப் பாக்குது. பி.டி. மேடம் மத்தியானமே சொல்லிட்டாங்க, ஏ இசக்கி, கண்ணாடியைக் கழட்டாத, துப்பட்டாவைத் தலையோட போட்டுக்கோ, கையை மடியில வச்சுக்கிட்டு உக்காரு, யாராவது கேட்டா கூட வந்த பிள்ளைன்னு மட்டும் சொல்லு. கூட வந்த பிள்ளைதான நான், அதுல என்ன பொய் இருக்கு. பாஸ்கெட்பால் டீமுக்குப் பன்னெண்டு பேர், நான் பதிமூணாவது, ஃபர்ஸ்ட் இயர், பை தூக்கவும் ஜெர்சி துவைக்கவும் வேன்ல ஒரு சீட்டு மிச்சம் இருந்துச்சுன்னு ஏத்திக்கிட்டு வந்த ஆளு. ஃபைனல் நடக்கு, கடைசி குவார்ட்டர், வெயில் சாஞ்சு போர்டோட நிழல் கோர்ட்டுக்குள்ள நீளமா விழுந்து கிடக்கு, நாங்க பின்தங்கித்தான் இருக்கோம். எனக்கு முன்னாடி பெஞ்சுல பதினாலாம் நம்பர் ஜெர்சி போட்டுக்கிட்டு ஜெபமலர் உக்காந்திருக்கா, நேத்துப் பூரா காய்ச்சல்ல கிடந்த பிள்ளை, கழுத்து எலும்பு தள்ளிக்கிட்டு நிக்கு. அவ பேரைத்தான் கத்துதாங்க. ஆனா அவளைக் கத்தல, என்னையத்தான் கத்துதாங்க, அது எங்க டீமைத் தவிர இந்த ஊர்ல ஒருத்தருக்கும் தெரியாது, தெரியவும் கூடாது.

நேத்துக் காலையில ஜெபாவுக்கு உடம்பு கொதிக்கு, நாங்க தங்கியிருக்கிற ஸ்கூல் கிளாஸ்ரூம்ல ரெண்டு பெஞ்சைச் சேத்துப் போட்டுப் படுத்தவ எந்திரிக்கல, ஏற்கெனவே ஒருத்திக்குக் கணுக்கால் பிசகி, இன்னொருத்தி அக்கா கல்யாணம்னு பாதியில ஊருக்குப் போயிட்டா. குடுத்த பேரை மாத்த முடியாது, ஆளைத்தான் மாத்த முடியும்னு மேடம் அந்தப் பதினாலாம் நம்பர் ஜெர்சியைத் தூக்கி என் மடியில போட்டாங்க. சும்மா உக்காந்திருட்டி, பெஞ்சு காலியாக் கிடந்தா எதிராளிக்கு எளக்காரமாப் போயிரும், உன்னை உள்ள விட மாட்டேன்னாங்க. ரெண்டு பேரும் ஒரே ஒல்லி, ஒரே கறுப்பு, ஒரே மடிச்சுக் கட்டின ரெட்டைச் சடை, கண்ணாடியைக் கழட்டிட்டா பெத்தவளே ஒரு நிமிஷம் யோசிப்பா. எல்லாரும் பண்ணுறதுதாம்ட்டின்னு ஷர்மிளா அக்கா சொன்னா, அவதான் எங்க கேப்டன், அவளே சொன்ன பிறகு நான் என்னத்தப் பேச. ஆனா செமிஃபைனல் போன போக்கு இருக்கே, மஞ்ச ஜெர்சிக்காரிங்க இடிச்சு இடிச்சு ஆடுதாங்க, எங்க ஆளுங்க ஃபவுலுக்கு மேல ஃபவுல் வாங்கி ஒவ்வொருத்தியா வெளிய வாராங்க, கடைசியில ஷர்மிளா அக்காவும் வெளிய வந்துட்டா, மேடம் இந்தப் பக்கம் பாத்தாங்க, அந்தப் பக்கம் பாத்தாங்க, பெஞ்சுல நான் ஒருத்திதான். போ, போயி ஓரமா நில்லு, பந்தைத் தொடாத. தொடாதன்னு எனக்குத்தான் சொன்னாங்க, பந்துக்கிட்ட யாரு சொல்ல, அது நேரா என் கைக்கு வந்துச்சு. நான் அதை இடுப்புக்குக் கொண்டுபோனதும் என்னைக் காவல் பாத்துக்கிட்டு நின்ன மஞ்ச ஜெர்சி ஒம்பதாம் நம்பர்காரி சிரிச்சுட்டா, இவ போடவா போறான்னு கையை இடுப்புல வச்சுக்கிட்டு நின்னா. போட்டேன். மறுபடியும் வந்துச்சு, மறுபடியும் போட்டேன். கடைசி விசிலுக்கு முந்தி ஒண்ணு, கோட்டுக்கு வெளிய நின்னு, அதுவும் உள்ள. அப்புறம் என்னை யார் தூக்கினா, எப்ப இறக்கிவிட்டாங்க, ஒண்ணும் ஞாபகம் இல்ல, காதுக்குள்ள ஙொய்ங்குன்னு ஒரு சத்தம் மட்டும்தான் இருக்கு.

குருட்டாம்போக்கா? அதுதான் எனக்குள்ள இருந்து அரிக்குது. கண்ணாடி இல்லாட்டா எனக்கு ரிங்கே ஒரு ஆரஞ்சு அழுக்கு மாதிரிதான் தெரியும், அந்த அழுக்கைப் பாத்துத்தான் தூக்கி எறிஞ்சேன், அது தானா விழுந்துச்சா, நான் போட்டேனா. எங்க ஸ்கூல்ல கிரவுண்டே கிடையாது, தண்ணித்தொட்டித் தூண்ல ஒரு ரிங்கு, அதுக்கு வலை கூடக் கிடையாது, எனக்கு அப்பப் பத்து வயசு இருக்கும், பந்து என் வயித்தை விடப் பெருசு, நெஞ்சு வரைக்கும் தூக்கச் சத்து இல்லாம இடுப்புலருந்து ரெண்டு கையாலயும் ஏந்தி மேல விடுவேன், தண்ணிக்குடத்தைத் தூக்கி இன்னொருத்தி கையில குடுக்கிற மாதிரி. வளந்த பிறகும் கை அதையேதான் பண்ணுச்சு. காலேஜ்ல சேந்த முதல் நாளே மேடம் கத்தினாங்க, ஏ மூதி, பந்தா குடமா அது, நெத்திக்கு மேல வச்சுப் போடு. நெத்திக்கு மேல வச்சுப் போட்டா ஒண்ணும் விழல, இடுப்புலருந்து போட்டா விழுது, ஆனா பாக்கச் சகிக்காதாம், அதனால பதிமூணாவது ஆளு. விழுது விழுதுன்னு நான்தான் சொல்லிக்கிடுதேன், ஆள் இல்லாத கிரவுண்டுல தனியாப் போடும்போது விழுறதெல்லாம் ஒரு கணக்கா. நேத்து மூணு விழுந்துச்சே, நாலாவது ஒண்ணு வந்திருந்தா? அந்த நாலாவதைத்தான் இப்ப ஊரே ஜெபாட்ட கேக்கு.

குடத்து ஷாட்டுன்னு பேர் வச்சது மைக்செட்டு அண்ணாச்சி. பாருங்க பாருங்க, பெஞ்சுல உக்காந்து தேய்ஞ்ச பிள்ளை, குடத்தைத் தூக்குற மாதிரி தூக்கிப் போடுது பாருங்கன்னு தொண்டை கிழியக் கத்தினாரு. இந்த ஊர் டோர்னமெண்ட்ல ஒரு பழக்கம், ஆட்டம் பிடிச்சுப்போச்சுன்னா யார் வேணா மைக்குல சொல்லிப் பரிசு குடுக்கலாம், துண்டு குடுப்பாங்க, வாளி குடுப்பாங்க, போன வருசம் ஒருத்திக்குச் சேவல் குடுத்தாங்களாம், அதைக் கையில பிடிச்சுக்கிட்டே பஸ்ஸுல போனாளாம். எனக்குப் பாத்திரக்கடை அண்ணாச்சி குடம் குடுத்தாரு, எவர்சில்வர் குடம், சும்மா குடுத்தாலும் பரவாயில்ல, பேர் வெட்டித்தான் குடுப்பேன்னு மெஷினையும் கொண்டாந்துட்டாரு. பேரு என்னம்மான்னு என் முகத்தைப் பாத்துக் கேட்டாரு, நான் வாயைத் திறந்தேன், அதுக்குள்ள பின்னாடியிருந்து மேடம் ஜெபமலர்னுட்டாங்க. கிர்ர்ருனு அந்த ஊசி குடத்துக் கழுத்துல ஓடுது, புள்ளி புள்ளியா ஜெ, ப, ம, ல, ர், நான் ரெண்டு கையாலயும் குடத்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்கேன், அந்த அதிர்வு என் முழங்கை வரைக்கும் ஏறுது. அழுகை வந்துட்டு. பிள்ளைக்குச் சந்தோசத்துல கண்ணு கலங்குதுன்னு அதையும் மைக்குல சொன்னாரு அந்த மனுசன்.

ரூமுக்குப் போனதும் ஜெபா எந்திரிச்சு உக்காந்து குடத்தைப் பாத்தா, பேரைத் தடவிப் பாத்தா, ஏட்டி, நீ எடுத்துட்டுப் போ, எனக்கு எதுக்குன்னா. எப்படி எடுத்துட்டுப் போக, எங்கம்மா வாசல்லயே நிறுத்திக் கேப்பா, ஏட்டி, எவ வீட்டுக் குடத்தைத் தூக்கிட்டு வந்திருக்க, யாரு அந்த ஜெபமலருன்னு. பேரை அழிக்கலாம்லான்னா ஜெபா, அழிச்சா தழும்பு தெரியும்னேன். அவ என் கையைப் பிடிச்சா, கை சுட்டுச்சு, உம்மேல பொறாமையா இருக்குட்டி, ஆனா என் பேரைல்லா கத்தினாங்களாம்னு சிரிச்சா, நானும் சிரிச்சேன், மனசுக்குள்ள எனக்கு அவ மேலதான் பத்திக்கிட்டு வந்துச்சு. படுத்துக் கிடந்தவளுக்குப் பேரு, ஓடினவளுக்குக் கால்வலி. குடம் இப்பவும் அந்தக் கிளாஸ்ரூம்ல கரும்பலகைக்குக் கீழ இருக்கு, யாரும் அதுல தண்ணி பிடிக்கல.

இந்த ஊருக்கு என்னதான் வேணும்னு நானும் காலையிலருந்து யோசிக்கேன். ஷர்மிளா அக்கா முதல் மேட்ச்சுலருந்து போட்டுத் தள்ளுதா, அவ பேரு ஒருத்தருக்கும் தெரியாது, அந்த நெட்டைப் பிள்ளைங்காங்க. அவ போடுவான்னு தெரியும், போடுதா, அதுல என்ன இருக்குன்னு விட்டுருதாங்க. கேலரியில உக்காந்திருக்கிற சனத்தைப் பாரு, பீடி சுத்திட்டு வந்த அக்காமாரு, கடையைப் பாதி சாத்திட்டு வந்தவங்க, ரெண்டு தடவை பரிச்சை எழுதி வேலை கிடைக்காத அண்ணன்மாரு, ஒருத்தர் பேரையாவது யாராவது என்னிக்காவது மைக்குல கூப்பிட்டிருப்பாங்களா. பெஞ்சுலருந்து ஒருத்தி எந்திரிச்சு வந்து போட்டதும் அவங்களே எந்திரிச்சு வந்து போட்ட மாதிரி ஆயிட்டு போல. அப்ப அவங்களுக்கு நான் வேண்டாம், ஜெபாவும் வேண்டாம், பெஞ்சுலருந்து எந்திரிக்க ஒரு ஆளு வேணும், எவளா இருந்தா என்ன. காலையில இட்லிக்கடைக்குப் போனேன், கண்ணாடியும் துப்பட்டாவுமா, அந்தக் கடைக்கார அக்கா நேத்து என் கன்னத்தைப் பிடிச்சு முத்தம் குடுத்தவ, என்னையே பாத்துச் சொல்லுதா, உங்க ஜெபாவை நல்லாச் சாப்பிடச் சொல்லும்மா, எலும்பும் தோலுமா இருக்கான்னு, கூட ரெண்டு இட்லி வச்சுக் கட்டிக் குடுத்தா. நான் சரிக்கான்னு சொல்லி வாங்கிட்டு வந்தேன். வர்ற வழியில அந்த ரெண்டு இட்லியையும் நானே தின்னுட்டேன்.

இப்ப என்ன பயம்னா, கேலரியில ரெண்டாவது வரிசையில அந்த ஒம்பதாம் நம்பர்காரி உக்காந்திருக்கா. மஞ்ச ஜெர்சி இல்ல, சாதா சுடிதார், ஆனா அவதான். அவ கோர்ட்டைப் பாக்கல, ஜெபா முதுகையும் என்னையும் மாத்தி மாத்திப் பாக்கா. ஊருக்கு நான் தூரத்துல ஓடின ஒரு நம்பர், அவளுக்கு அப்படி இல்லல்லா, மூச்சு முட்டுற தூரத்துல நின்னவ. அவ எந்திரிச்சு ஸ்கோர் எழுதுற மேசைக்குப் போயி ஆள்மாறாட்டம்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், நேத்து ஜெயிச்சது செல்லாது, இன்னிக்கு ஆடுறது செல்லாது, மேடத்துக்கு வேலை போகும், ஷர்மிளா அக்கா இந்த சர்ட்டிபிகேட்டை வச்சுத்தான் ரயில்வே வேலைக்கு எழுதிப் போடணும்னு இருக்கா, அவ அப்பா படுத்த படுக்கை, அத்தனையும் என் ஒருத்தி மூஞ்சியில தொங்குது. துப்பட்டாவை இன்னும் கொஞ்சம் இழுத்து விட்டேன். இழுத்துவிட்டா இன்னும் சந்தேகமா இருக்குமோன்னு பின்னாடி தள்ளினேன்.

கத்தல் தாங்காம மேடம் ஜெபாவை எழுப்பி உள்ள அனுப்பிட்டாங்க. கேலரிப் பலகையெல்லாம் ஆடுது, மைக்குல குடம் வந்தாச்சு குடம் வந்தாச்சுங்காரு. வேடிக்கை என்னன்னா எதிர் டீம் நீல ஜெர்சிக்காரிங்க ரெண்டு பேரு ஓடி வந்து ஜெபாவை ஒட்டிக்கிட்டு நிக்காங்க, நேத்து நான் போட்டதுக்கு இன்னிக்கு அவளுக்கு ரெண்டு காவல், அதனால ஷர்மிளா அக்கா பக்கம் ஆளே இல்ல, அவ போடுதா, மறுபடி போடுதா, கிட்ட வந்துட்டோம். ஒரு தடவை காவல் கொஞ்சம் விலகினதும் ஜெபா வாங்கி நெத்திக்கு மேல வச்சு அழகா ஒண்ணு போட்டா, மேடம் சொல்லிக்குடுத்த மாதிரியே, சொத்துன்னு உள்ள விழுந்துச்சு. கை தட்டினாங்க, ஆனா முழுசாத் தட்டல. என் பக்கத்துல கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நின்ன ஒரு பெரியவரு, என்ன, ஸ்டைலை மாத்திட்டா, குடத்தைத் தூக்கலையேங்காரு. அவ்வளவுதான், பத்து பேரு பிடிச்சுக்கிட்டாங்க, குடம், குடம்னு, அது நூறு பேரு ஆயிட்டு. ஜெபா திரும்பி என்னைப் பாத்தா. எனக்குப் புரிஞ்சுபோச்சு, கையை மடியிலருந்து எடுத்து வேண்டாம் வேண்டாம்னு ஆட்டினேன், அவ அதைப் பாத்தாளா, பாத்து வேற மாதிரி நினைச்சாளா தெரியல.

ஒரு பாயிண்டுதான் பின்னாடி, விசிலுக்கு மூச்சு விடுற நேரம்தான் இருக்கு, ஷர்மிளா அக்காவை மூணு பேரு மறிச்சதும் அவ பந்தை ஜெபாவுக்கு எறிஞ்சுட்டா, ஜெபா தனியா நிக்கா, நான் மனசுக்குள்ளயே கத்துதேன், ஏட்டி போடு, உன் மாதிரிப் போடு, நெத்திக்கு மேல வச்சுப் போட்டா விழும்ட்டி, நேத்து நடந்தது எவளோ பண்ணினது, உனக்கென்னட்டி அதுல. அவ பந்தை வலது இடுப்புக்குக் கொண்டு போறா. என் இடுப்புக்கு. ஊரே எந்திரிச்சுட்டு. நான் நிக்கிற மாதிரியே காலை அகட்டி நிக்கா, ரூமுல படுத்துக்கிட்டே என்னைக் கேட்டாளே, எப்படிட்டி நிப்ப, எங்கட்டி பாப்பன்னு, அதுக்குத்தானா அது, நம்மளைக் காட்டிக் குடுத்துரக் கூடாதுன்னா, இல்ல ஊரு கேக்குதேன்னா. அவ போட்டுட்டா, பந்து மேல போகுது, எனக்கு என்ன வேணும்னு எனக்கே தெரியல, அய்யோ உண்மையாவே தெரியல, விழுந்தா ஜென்மத்துக்கும் அது ஜெபாவோட ஷாட்டு, குடத்துல இருக்கிற பேரு சரியான பேரு, விழலைன்னா நேத்து நான் போட்டதும் போச்சு, ஷர்மிளா அக்கா போச்சு, விழட்டும், விழக்கூடாது, விழட்டும் ஆத்தா, விழட்டும்னுதான் கடைசியில நினைச்சேன், சத்தியமா அப்படித்தான் நினைச்சேன். ஆனா அவ மணிக்கட்டு திரும்பினது எனக்குத் தெரிஞ்சுபோச்சு, குடத்தை ஏந்துறவ மணிக்கட்டைத் திருப்ப மாட்டா, திருப்பினா தண்ணி சிந்திரும்லா. பந்து ரிங்குல பட்டு, போர்டுல பட்டு, வெளிய விழுந்துச்சு. விசில் அடிச்சுட்டாங்க.

சனம் எவ்வளவு சீக்கிரம் எந்திரிச்சுப் போகுதுன்னு பாத்தா ஆச்சரியமா இருக்கு. கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நின்ன பெரியவரு துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டு, அட, நேத்து ஏதோ குருட்டாம்போக்குல விழுந்திருக்குன்னாரு, கூட நின்னவரு, பின்ன, குடத்தைத் தூக்கி எறிஞ்சா தினமும் விழுமாங்காரு. மைக்செட்டு அண்ணாச்சி நீல ஜெர்சி பேரையெல்லாம் வாசிக்க ஆரம்பிச்சுட்டாரு. ஜெபா கோர்ட்டு நடுவுல குத்தவச்சு அழுதா, ஷர்மிளா அக்கா அவ தோளைப் பிடிச்சுக்கிட்டு நிக்கா, அவ மூஞ்சியை என்னால பாக்க முடியல. நான் பாட்டிலையெல்லாம் பொறுக்கிக் கூடையில போடுதேன், எனக்கு அந்தப் பெரியவர் சட்டையைப் பிடிச்சு உலுக்கணும் போல இருக்கு. நிமுந்து பாத்தா ஒம்பதாம் நம்பர்காரி முன்னாடி நிக்கா.

"நேத்து நீதான?"ன்னா.

"இல்லக்கா. நான் கூட வந்த பிள்ளை."

"அந்தப் பிள்ளைக்குக் கை திரும்புது. நேத்து போட்டவளுக்குத் திரும்பல. நான்தான உம்முன்னால நின்னேன், எனக்குத் தெரியாதா?"

நான் கூடையைத் தூக்கினேன். அவ கூடையோட மறுகாதைப் பிடிச்சுக்கிட்டு விடல. அங்க கோர்ட்டுக்குள்ளருந்து மேடம் எங்களைப் பாத்துட்டாங்க, தலையை ஆட்டுதாங்க, வேண்டாம் வேண்டாம்னு.

"நான் யாருட்டயும் சொல்லப் போறதில்ல. சொல்லணும்னா ஆட்டம் நடக்கும்போதே சொல்லியிருப்பேன். நேத்துலருந்து எங்க டீம்ல ஒருத்தி என்கூடப் பேசல. ஒரு குருட்டாம்போக்கை நின்னு வேடிக்கை பாத்தியேன்னு எங்க சார் எல்லார் முன்னாடியும் திட்டினாரு. இப்ப ஊரும் அதையேதான் சொல்லுது. எனக்கு அது ஒண்ணு மட்டும் தெரியணும். குருட்டாம்போக்கா?"

மேடம் ஓட்டமும் நடையுமா வாராங்க. இல்லன்னு சொன்னா எல்லாம் முடிஞ்சுது, ஆமான்னு சொன்னா எல்லாரும் தப்பிச்சாங்க, எனக்கு அந்தத் தண்ணித்தொட்டித் தூண் கண்ணுக்கு முன்னாடி வந்துச்சு, வலை இல்லாத ரிங்கு, உள்ள போச்சா வெளிய போச்சான்னு பந்து விழுற சத்தத்தை வச்சே சொல்லுவேன், பாக்கவே மாட்டேன். கண்ணாடி எனக்கு எதுக்கு.

"இல்லக்கா"ன்னேன். "தானா விழல. மூணும் நான் போட்டேன்."

அவ அழுவான்னு நினைச்சேன், இல்ல, நெஞ்சு இறங்க ஒரு மூச்சு விட்டா. "அப்ப சரி"ன்னா. கூடையை விட்டுட்டு ரெண்டு அடி போனவ திரும்பி வந்தா.

"உம் பேரு என்ன?"

மேடம் பக்கத்துல வந்துட்டாங்க, என் தோள்ல கை வச்சு அமுக்குதாங்க, நகம் பதியுது.

"இசக்கியம்மாள்"னு முழுசாச் சொன்னேன்.